அருவியை ஜெயிக்கிற குரல்

பிரேயரில் பெயர் வருவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என்னைப் போல அரை டிராயரோடு வரிசையில் நின்று, முன்னால் நிற்கிறவனின் பிடரியைப் பார்த்தபடியே காலைப் பொழுதுகளைக் கழித்தவர்கள்தான். எங்கள் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் தலைமையாசிரியர் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலில் இரண்டு வகை உண்டு. யாருக்கோ அடி விழப் போகிறது என்பது ஒன்று. யாரோ எதையோ சாதித்துவிட்டான் என்பது மற்றது. இரண்டுக்கும் நான் ஒரே மாதிரிதான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அப்போது நான் ஐந்தாம் பாரம். இந்தக் காலத்துக் கணக்கில் பத்தாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து செப்டம்பர் காலாண்டுப் பரீட்சை வரைக்குமான அந்த ஒரு பருவத்தில், எங்கள் பள்ளியில் சாதிக்காதவன் பாக்கியில்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆறாம் பாரத்து நெட்டையன் ஒருவன் உயரம் தாண்டும்போது கம்பைத் தாண்டி, மணல் குழியைத் தாண்டி, டிரில் மாஸ்டர் மேலேயே போய் விழுந்து மாவட்டப் போட்டிக்குத் தேர்வானான். சாரணர் கூட்டத்துக்கென்று இரண்டு பேர் கழுத்தில் துணியை முடிச்சுப் போட்டுக்கொண்டு வடநாட்டுக்கு ரயில் ஏறினார்கள். இலத்தூரிலிருந்து சைக்கிளில் வருகிற என் வகுப்புக்காரன் பாராமலே இந்தியா படம் வரைந்து பொருட்காட்சியில் பரிசு வாங்கினான். ஒவ்வொரு வாரமும் ஒரு செருமல், ஒரு கைதட்டல். கைதட்டித் தட்டி என் உள்ளங்கைதான் காய்த்துப் போயிற்று.

என் பெயரும் பிரேயரில் வராமல் இல்லை. சாக்பீஸ் பெட்டிக்குள் தவளை இருந்த விவகாரத்தில் ஒரு தடவை வந்தது. அது முதல் வகைச் செருமல்.

அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அதிகம் பேச மாட்டார். பேசினால் அது முடிவாக இருக்கும். போன வருஷத்து மார்க்கைப் பார்த்துவிட்டு அவர் எடுத்திருந்த முடிவு, ராயகிரி மாமாவின் ரைஸ்மில். மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. மில் வாசலில் நின்று நெல் மூட்டை உள்ளே போவதையும் அரிசி மூட்டை வெளியே வருவதையும் பார்த்துச் சொல்ல, சொந்தத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த மாமாவைப் பிடிக்கும். ஆனால் அவர் புருவத்தில் எந்நேரமும் தவிடு அப்பியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் பட்டு வேஷ்டியும் சென்ட் வாசனையுமாக வந்து இறங்கினாலும் புருவம் மட்டும் மில்லிலிருந்து நேராக வந்திருக்கும். நானும் ஒரு நாள் அப்படி ஒரு புருவத்தோடு கல்யாண வீடுகளில் உட்கார்ந்திருப்பேன் என்கிற நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அம்மா கெஞ்சியதன் பேரில் அப்பா ஒரு தவணை கொடுத்தார்.

"காலாண்டுப் பரீட்ச வாரதுக்குள்ள நல்லதுக்கு ஒரு தடவ ஒம் பேரு பிரேயர்ல வரணும்லே. வரலன்னா பரீட்சையே எழுத வேண்டாம். மாமா கூட பஸ் ஏறிரு."

"நல்லதுக்குன்னா எதுக்குப்பா?"

"அது தெரிஞ்சா நீ ஏம்லே இப்படி இருக்க?"

வாய்ப்பு ஓர் ஓணான் வடிவத்தில் வந்தது. தமிழய்யா வகுப்பு. வெளியே சாரல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. நனைந்த ஓணான் ஒன்று ஜன்னல் வழியே உள்ளே வந்து, மற்ற முப்பது பேரையும் விட்டுவிட்டு என் தொடை மேல் ஏறியது. நான் எழுப்பிய சத்தத்தில் அடுத்த கட்டடத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட கிளார்க் மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்டார் என்றும், காவல்காரர் தீப்பிடித்ததாக நினைத்து மணியடிக்க ஓடினார் என்றும் பிற்பாடு சொன்னார்கள். பிரம்பை எதிர்பார்த்து நான் கையை நீட்டினேன். தமிழய்யா பிரம்பை மேஜையில் வைத்துவிட்டு என்னை ஆடு வாங்க வந்தவர் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது?" என்றார். வகுப்பில் அவர் புத்தகத் தமிழ்தான் பேசுவார்.

விஷயம் இதுதான். மாவட்டத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கெல்லாம் ஆண்டுதோறும் ஒரு பேச்சுப் போட்டி உண்டு. அது எந்த வருஷமும் சீசன் சமயத்தில் குற்றாலத்தில்தான் நடக்கும். ஏனென்று யாரும் கேட்டதில்லை. நடுவர்கள் எல்லோரும் ஈரத் தலையோடும் எண்ணெய் மணத்தோடும் வந்து உட்காருவதைப் பார்த்தவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. முந்தைய வருஷம் எங்கள் பள்ளி தோற்றதற்கு நடுவர்கள் சொன்ன காரணம், 'பின் வரிசைக்குக் கேட்கவில்லை' என்பது. தமிழய்யா அதை ஒரு வருஷம் முழுக்க நெஞ்சில் வைத்துப் புழுங்கியிருக்கிறார். பேச்சை எழுத அவர் இருக்கிறார். கேட்கும்படி சொல்ல ஒரு தொண்டை மட்டும்தான் வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஜெயிக்கிறவருக்குத் திருச்சிக்குப் போய் ரேடியோவில் பேசுகிற வாய்ப்பும் உண்டு என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

ரேடியோ! பிரேயரில் என்ன, ஊரே நின்று என் பெயரைக் கேட்கும். மாமாவின் புருவம் என் கண்ணிலிருந்து மறைந்தது.

இனிமேல் நடந்ததைச் சொன்னால் வேறு ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். எங்களுக்கு அருவி என்பது வைத்தியர், வாத்தியார் எல்லாம். தலைவலியா, அருவிக்குப் போ. புத்திக் கோளாறா, அருவிக்குப் போ. புது மருமகள் பேச மாட்டேன் என்கிறாளா, கூட்டிக்கொண்டு அருவிக்குப் போ. தமிழய்யாவும் அந்த வழிதான் போனார். மெயின் அருவிக்குப் பக்கத்தில் நின்று பேசி, அந்த இரைச்சலைத் தாண்டிக் கேட்கிற குரல் எந்த மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. தலைமையாசிரியர் அதைக் கேட்டு அசந்துபோனார். டிரில் மாஸ்டர் கேட்டு அசந்துபோனார். என் அப்பாகூட, "யோசன நல்லாத்தான் இருக்கு" என்றார். ஒரு பெரிய மனிதருக்கும் அதில் ஒரு கோளாறும் தெரியவில்லை.

சாயங்காலந்தோறும் ஐயாவும் நானும் குற்றாலத்துக்கு பஸ்ஸில் போவோம். நனைந்த வேஷ்டிகளும், நல்லெண்ணெயும், மங்குஸ்தான் தோலும், பீடியும் கலந்த அந்த பஸ் வாசனை எனக்கு இப்போதும் நடுக்கத்தைத்தான் கொடுக்கும். அருவிக்கரைத் திட்டில் என்னை நிறுத்திவிட்டு, ஐயா எதிர்ப்பக்கம் எட்டத்தில் மரத்தடிக்குப் போய்விடுவார். மரப்பிடி போட்ட பெரிய கறுப்புக் குடை வைத்திருந்தார். என் குரல் கேட்டால் குடை நிமிரும். கேட்காவிட்டால் சாயும். குடையை நிமிர்த்தி வைத்திருப்பதுதான் என் வேலை.

"பெரியோர்களே! ஐந்தாண்டுத் திட்டங்களில் மாணவர்களாகிய நமது கடமை யாது?"

குடை சாயும்.

"யா...து?"

குடை கொஞ்சம் நிமிரும்.

குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் கோட்டயத்துக்காரர் ஒருவர் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "எந்தா மோனே, ஆரெங்கிலும் முங்கிப்போயோ?" என்று தண்ணீரில் தேட ஆரம்பித்துவிட்டார். ஒரு குரங்கு மட்டும் தினமும் வந்து எதிரில் உட்கார்ந்து முழுப் பேச்சையும் கேட்டது. நான் நிலக்கடலை கொண்டுபோவதை நிறுத்திய நாள் முதல் அதுவும் வரவில்லை. ஆக, என் பேச்சைப் பேச்சுக்காகக் கேட்டவர் ஒருவருமில்லை. பத்தாம் நாள் குடை சாயவே இல்லை. அருவியை நான் ஜெயித்துவிட்டேன்.

மாற்று ஆளாக ஏட்டையா மகளைப் போட்டிருந்தார்கள். பெரிய வகுப்புகளில் நாலைந்து பெண்பிள்ளைகள் எங்களோடு படித்தார்கள். அவர்களில் ஒருத்தி. அவளுடைய அப்பா போலீஸில் ஏட்டு, எங்கள் தெருக் கடைசியில் குடியிருந்தார். பெண்பிள்ளையை அருவிக்கரையில் நிறுத்திக் கத்தச் சொல்ல முடியாது என்பதால் தமிழய்யா அவளிடம், "நீ வீட்டிலேயே மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் கேட்டேன்.

"ஏட்டி, நீ பழகுதியா இல்லியா?"

"பழகுதேன். அப்பா ராத்திரி டூட்டி பாத்துட்டுப் பகல்ல தூங்குவாங்க. சத்தம் போட்டா தோலை உரிச்சிருவாங்க. அதனால அடுப்பங்கரையில உக்காந்து கிசுகிசுன்னு சொல்லிப் பாக்கேன்."

"கிசுகிசுன்னா? பின் வரிசைக்கு எப்படிக் கேக்கும்?"

"எனக்கு எதுக்குலே பின் வரிசை? நான் பேசப் போறதில்லைல்லா" என்றாள். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி நாள் வந்தது. குற்றாலத்தில் ஒரு மண்டபம். முன் வரிசையில் மூன்று நடுவர்கள், மூன்று ஈரத் தலைகள். மேடையில் நான் அதுவரை கிட்டத்தில் பார்த்திராத ஒன்று இருந்தது. மைக். கல்யாண வீட்டுப் பந்தல்களில் தூரத்தில் பார்த்ததுண்டு. அதன் முன்னால் போய் நிற்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததில்லை. மைக் செட்காரர் என் காதருகே குனிந்து, "தம்பி, மெல்லப் பேசு. இது எல்லாத்தையும் பெருசாக்கிரும்" என்றார். மெல்லப் பேசுவது எப்படி என்று என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

வணக்கம் போட்டேன். மண்டபம் அமைதியானது. அந்த அமைதிதான் முதல் அடி. அப்படி ஒரு சூழ்நிலையில் நான் பேசிப் பழகியதே இல்லையே! குடை எங்கே என்று தேடினேன். தமிழய்யா குடையை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டேன். அருவி எதிரில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

"பெரியோர்களே!"

வாசல் கம்பத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர் யானை மாதிரிப் பிளிறியது. கூரை மேலிருந்த குரங்குகள் மொத்தமாக இறங்கி ஓடின. எங்கோ ஒரு கைக்குழந்தை வீறிட்டது. நடுவில் இருந்த நடுவர் காதைப் பொத்தியதில் மூக்குக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. பிளிறல் ஓய்ந்த பிறகு, சுவரில் பட்டுத் திரும்பி வந்து என் காதில் விழுந்தது பாருங்கள், என் குரல், அதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அருவிக்கரையில் என் வாய் அசைவதுதான் எனக்குத் தெரியுமே தவிர, என்ன வருகிறது என்று கேட்டதேயில்லை. யாரோ ஒரு முரட்டு ஆள் என் வாய்க்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. பயந்துபோய் அவன் அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று நானும் காத்திருந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாண்டுத் திட்டம் போயிற்று. கடமை போயிற்று.

"நன்றி, வணக்கம்" என்றேன். அதுவும் பிளிறியது.

என் மொத்தச் சொற்பொழிவும் அதுதான். பெரியோர்களே, நன்றி, வணக்கம். நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சுருக்கமாக இருந்தது" என்றார். பிறகு அந்த நல்ல மனிதர், "பையனுக்கு உடம்புக்கு ஆகவில்லை போலிருக்கிறது. மாற்று ஆள் இருந்தால் பேசலாம்" என்றும் சொன்னார்.

ஏட்டையா மகள் எழுந்தாள். தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, மைக்குக்குப் பக்கத்தில் போய், அடுப்பங்கரையில் சொல்லிப் பார்த்த மாதிரியே சொன்னாள். கிசுகிசு என்றுதான். மைக் அதை எடுத்து எல்லோர் காதிலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிக் கொண்டுபோய் வைத்தது. அதே தமிழய்யா எழுதின அதே பேச்சு. 'யாது' என்று அவள் கேட்டபோது நடுவர் ஒருவர் பதில் சொல்லப் போனார். முதல் பரிசு அவளுக்கு.

வீட்டுக்கு வந்தேன்.

"பேசினியாலே?" என்றார் அப்பா.

"பேசுனேம்ப்பா."

"எவ்ளோ நேரம்?"

"ரொம்ப நேரம்னு சொல்ல முடியாது."

அம்மா என் சட்டைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த இரண்டு நாளில் கதை திரும்பிற்று. ஏட்டையா, மகளை ரேடியோவுக்கு அனுப்ப முடியாது என்று தலைமையாசிரியரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மேடையில் பேசினதே தனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்றாராம். தலைமையாசிரியருக்குப் பள்ளிப் பெயர் ரேடியோவில் வர வேண்டும், எவன் வாயால் வந்தால் என்ன? வாய்ப்பு பள்ளிக்குத்தான், ஆளை நாங்கள் தீர்மானிப்போம் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்து, தமிழய்யாவைக் கூப்பிட்டு, "அந்தக் குரல்காரனையே அனுப்புவோம். பழக நாள் இருக்கிறதே" என்றார். தமிழய்யா நேராகக் குடையை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

அம்மா சட்டைகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாள். அப்பா அன்றைக்குக் கச்சேரியிலிருந்து வரும்போது எனக்கு அல்வா வாங்கிவந்தார். தின்ன முடியவில்லை.

ஏனென்றால் ஆறாம் பாரத்துக்காரன் ஒருவன், ரேடியோ நிலையத்தைப் போய்ப் பார்த்துவந்தவன், விவரம் சொல்லிவிட்டான்.

"மேட கீட ஒண்ணும் கெடையாதுலே. ஒரு ரூமு. சொவரெல்லாம் பஞ்சு வச்சுத் தச்சிருக்கும். கதவ அடச்சான்னா ஒரு சத்தம் கேக்காது. ஒன் நெஞ்சு அடிக்கது ஒனக்கே கேக்கும்."

"வேற யாரும் இருக்க மாட்டாங்களா?"

"நீயும் மைக்கும்தான்."

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. மண்டபத்து அமைதிக்கே பேச்சு முழுதும் மறந்துபோயிற்று. பஞ்சு வைத்த அமைதியில் என்ன ஆகும்? போனால் அந்த அறையில் செத்துவிடுவேன். போகாவிட்டால் ராயகிரி. ஒரு பக்கம் பஞ்சு, ஒரு பக்கம் தவிடு. பயம் என்பது ஆளைக் கோழையாக்கும் என்பார்கள். அளவுக்கு மேலே போனால் அது ஒரு மாதிரி வீரமாகவும் மாறிவிடும் போலிருக்கிறது. இல்லையென்றால் தெருவில் அவரைக் கண்டாலே சந்தில் திரும்பிவிடுகிற நான், ஏட்டையாவிடம் பேசப் போயிருப்பேனா?

சீசன் கூட்டத்துக்காக அவரைப் பகலில் மெயின் அருவியில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். அருவிக்கரைப் படியில் விசிலோடு நின்றார். மீசையில் சாரல் முத்து முத்தாக நின்றிருந்தது. நான் பக்கத்தில் போய் மிக மரியாதையாக, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னலே?" என்றார் காதில் கை வைத்து.

மறுபடி சொன்னேன்.

"கேக்கலலே! வாயத் தொறந்து சொல்லு!"

திறந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு குரல்தான்.

"ஏட்டையா! ஒங்க மகளுக்கு ரேடியோவுல பேசச் சான்ஸு கெடச்சிருக்கு! அனுப்பி வைங்க!"

அருவிக்கடியில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏட்டையாவின் முகம் சிவந்தது. என் காதைப் பிடிக்கக் கை வந்தது. பாதியில் நின்றது. தண்ணீருக்குள்ளிருந்து எண்ணெய்ப் பளபளப்போடு ஒரு தொப்பை வெளியே வந்து, இடுப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டு கையை ஆட்டியது. ஏட்டையா குதிகால் இரண்டையும் ஒட்டி, விறைத்து, அந்தத் துண்டுக்கு ஒரு சல்யூட் வைத்தார். டிஎஸ்பி. குடும்பத்தோடு சீசனுக்கு வந்தவர்.

டிஎஸ்பி வாயசைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஏட்டையா "ஐயா?" என்றார். அவருக்கும் கேட்கவில்லை. டிஎஸ்பி என்னைச் சுட்டிக்காட்டி, பக்கத்தில் வரும்படி சைகை செய்தார். நான் சட்டையோடு தண்ணீரில் இறங்கினேன். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன்.

"ஏட்டு மகளா? ரேடியோவுலயா? எப்போ போறா?" என்றார் என் காதில்.

"எப்போ போறான்னு கேக்காங்க ஏட்டையா!"

ஏட்டையா படியிலிருந்து குனிந்து என் இன்னொரு காதில் சொன்னார். "பொம்பளப்பிள்ளைய ஊர் ஊரா அனுப்ப எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லுலே."

அந்த ஒரு நொடியில் பஞ்சு அறைக் கதவு சாத்தப்படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் டிஎஸ்பி பக்கம் திரும்பி, அருவியை ஜெயித்த குரலில் சொன்னேன்.

"கூட்டிட்டுப் போக லீவு கெடைக்கலியாம் ஐயா!"

"ஏலே! நான் என்ன சொன்னேன், நீ என்ன சொல்லுத!" ஏட்டையா படியிலேயே தவித்தார்.

டிஎஸ்பி சிரித்தார். "லீவு குடுத்தாச்சுன்னு சொல்லு! நான் சொன்னேன்னு சொல்லு!"

"லீவு குடுத்தாச்சாம்!"

அதைச் சொன்னதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "அதான் லீவு குடுத்தாச்சுல்லா, கூட்டிட்டுப் போரும்யா! நல்ல பிள்ளையப் பெத்துவச்சுக்கிட்டு!" என்று குரல் கொடுத்தாள். யாரோ கைதட்டினார்கள். நனைந்த கைகளின் தட்டல் தனிச் சத்தம், பொதபொதவென்று. முன்பின் தெரியாத ஆட்கள் சொட்டச் சொட்ட வந்து ஏட்டையா கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். டிஎஸ்பிக்கு மறுபடி சல்யூட் வைத்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் தென்காசிக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் அவர் வந்துவிட்டால்?

மறுவாரம் பிரேயரில் தலைமையாசிரியர் செருமினார். எந்த வகை என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"தன் கைக்கு வந்த வாய்ப்பை, தகுதியுள்ள சக மாணவிக்காக விட்டுக்கொடுத்து, அவள் தந்தையிடமே சென்று மன்றாடிய ஒரு தியாக உள்ளம் நம்மிடையே இருக்கிறது" என்று ஆரம்பித்து, என் பெயரைச் சொல்லிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். தமிழய்யா கண்ணைத் துடைத்தார். சரித்திர வாத்தியார் என்னைக் கர்ணனோடு ஒப்பிட்டார். இவ்வளவு படித்த மனிதர்களில் ஒருவருக்குக்கூட, ஒரு பையன் பயத்தில் நடுங்கினால் எப்படி இருப்பான் என்று தெரிந்திருக்கவில்லை. நான் பணிவாகத் தலைகுனிந்து நின்றேன். நிமிர்ந்தால் ஏட்டையா எங்கிருந்தாவது பார்ப்பாரோ என்று பயம். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பேரு வந்துட்டுப்பா."

"கேள்விப்பட்டேன்" என்றார். அவ்வளவுதான். என்னை அழைத்துப்போக வர வேண்டாம் என்று அவர் மாமாவுக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை.

ஏட்டையா மகள் ரேடியோவில் பேசுகிற அன்றைக்கு மாமா வந்துவிட்டார். சாயங்காலம் எல்லோரும் பூங்காவுக்குப் போனோம். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பூங்கா ரேடியோதான் ரேடியோ. கம்பத்து உச்சியில் கூம்பு, கீழே பூட்டின பெட்டி, சுற்றிலும் சாரலில் நனைந்த புல். வழக்கமாக செய்தி கேட்க வருகிற கிழவர்களோடு பள்ளிக்கூடமே வந்து நின்றது. அப்பாவும் மாமாவும் சிமெண்ட் பெஞ்சில். நான் பெஞ்சுக்குப் பின்னால்.

அவள் குரல் வந்தது. கரகரப்புக்கு நடுவே, அதே அடுப்பங்கரைக் குரல். சுண்டல் விற்றவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார். இந்தத் தடவை ஐந்தாண்டுத் திட்டம் இல்லை. சாரல் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி அவளே எழுதிய பேச்சு. ஒழுகுகிற வகுப்பும், காயாத சீருடையும், ஈர மணியின் மங்கின சத்தமும் சொன்னாள். பக்கத்து வகுப்புக்குக்கூடக் கேட்காது என்று நாங்கள் தீர்மானித்திருந்த குரல் அன்றைக்கு எத்தனை ஜில்லாவுக்குப் போயிற்றோ. ரேடியோ நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பா, பேச்சு முடிகிறவரை அட்டென்ஷனில் நின்றாராம். உட்காரச் சொன்னதற்கு, டூட்டி என்றாராம். ஊருக்கு வந்ததும் அவள் சொன்னாள்.

பேச்சு முடிந்தது. கூட்டம் கலைய ஆரம்பித்தது.

"நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்குப் போயிரலாமா அத்தான்?" என்று மாமா கேட்டார். "பயலுக்குத் தொண்ட நல்லாருக்கு. மில்லுச் சத்தத்துக்கு இப்படி ஒருத்தன்தான் வேணும்."

அருவியை ஜெயித்தால் மில்லையும் ஜெயிக்கலாம் என்று தமிழய்யா ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை?

அப்பா மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இவன ஒம்ம மில்லு வாசல்ல நிறுத்த முடியாது மாப்ளே."

"ஏன் அத்தான்?"

"அருவில என்ன நடந்துச்சுன்னு கேட்டீரா? ஏட்டையா ஒண்ணு சொல்லுதாரு, இவன் டிஎஸ்பிகிட்ட வேற ஒண்ணு சொல்லுதான். பக்கத்துல அந்த மனுசன் நிக்கும்போதே சொல்லுதான். உள்ள போன மூட்ட எத்தனைன்னு நாளைக்கு நீரு கேட்டா இவன் வாயில என்ன வரும்? ரெண்டே மாசத்துல மில்ல மூடிருவீரு."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். தவிடு அப்பின புருவம் மேலே ஏறியது. அவருக்கு மில் உயிர்.

"அதுஞ் சரிதான்" என்றார்.

"ரேடியோவுக்குப் பயந்துதான் செஞ்சான்னு எனக்குத் தெரியும்" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமலே. "தியாகமாம், தியாகம். கர்ணனாம். ஒங்க வாத்தியாருங்கள்லாம் எந்த ஊருலே?"

அப்படிப்பட்ட நேரத்தில் வாயைத் திறந்தால் எந்தக் குரல் வரும் என்று யார் கண்டது?

அப்பா எழுந்து வேஷ்டியை உதறிக் கட்டினார். "நாளைக்கழிச்சுக் கணக்குப் பரீட்சைல்லா? இங்கன என்ன வேடிக்கை? போய்ப் படி."

ஓடினேன். கணக்குப் புத்தகத்தைத் தேடிக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓடின பிள்ளை எங்கள் தெருவில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.